காலில் கட்டிய சீட்டு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: செத்த உயிர்களையும் காய்ந்த இலைகளையும் சேர்த்துப் பத்திரமாக வைப்பது எதற்கு என்பது. ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் 27 ஆண்டுகள் துறை மியூசியத்தின் சாவி என்னிடம்தான் இருந்தது. அதனால் பதில்கள் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேரனை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். என் அம்மா அதை ‘செத்த காலேஜ்’ என்றுதான் சொல்வார். பாடம் செய்து வைத்த பறவைகளைப் பார்த்துவிட்டுப் பேரன், “தாத்தா, இதையெல்லாம் யூடியூபில் உயிரோடவே பார்க்கலாமே, செத்ததை எதுக்கு வெச்சிருக்காங்க?” என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

ஐயா, ‘செத்த காலேஜ்’ என்ற பெயரைக் கேட்டு எத்தனையோ வருடமாகிறது. 1851இல் தொடங்கிய அந்த மியூசியத்தில் முதலில் உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார்கள். பிறகு அவை சென்ட்ரல் பக்கம் போயின. மக்கள் அதை ‘உயிர் காலேஜ்’ ஆக்கினார்கள், இதைச் ‘செத்த காலேஜ்’ ஆக்கினார்கள். உயிர் காலேஜ் 1985இல் வண்டலூருக்கு இடம் பெயர்ந்தது. இரண்டையுமே காலேஜ் என்று சொன்னார்களே, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேரனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அவன் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தது கடைவாசலில் மாட்டியிருக்கும் சரக்கு மாதிரி. பெரிய இயற்கை வரலாற்று மியூசியங்களில் உண்மையான சரக்கு உள்ளே, பொதுமக்கள் போகாத அறைகளில், இழுப்பறைகளில் இருக்கும்.

1986இல், ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, மும்பையில் அப்படி ஓர் அறைக்குள் போகும் வாய்ப்பு கிடைத்தது. இரும்பு அலமாரியின் கதவைத் திறந்ததுமே அந்துருண்டை வாசனை கண்ணைக் கரித்தது. தட்டை இழுத்தால் ஒரே வகைக் கொண்டைக்குருவிகள் நாற்பது, நாற்பத்தைந்து வரும். எல்லாம் மல்லாந்து படுத்திருந்தன. இறக்கைகள் உடம்போடு ஒட்டி, கால்கள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, கண் இருக்கும் இடத்தில் வெறும் பஞ்சு. கண்ணாடிக் கண், கிளையில் உட்கார்ந்த பாவனை ஒன்றும் கிடையாது. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய ஒரு சின்ன சீட்டு. ஊர், தேதி, ஆணா பெண்ணா, பிடித்தவர் பெயர். பழுப்பேறிய மசியில் பொடிப்பொடியான எழுத்து. ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒரு முழு எலுமிச்சம்பழத்தின் கனம்கூட இல்லை. சீட்டில் நான் பிறந்த மாவட்டத்தின் பெயர் இருந்தது, என் அப்பா பிறப்பதற்கு முந்தைய வருடம் போட்டு. அந்த நிமிடம் முதல் எனக்கு இந்த விஷயத்தில் பைத்தியம்தான்.

ஒரே பறவை எதற்கு நாற்பது என்று பேரன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஒரு முட்டைக் கதை இருக்கிறது.

1950களில் பிரிட்டனில் பெரிகிரின் ஃபால்கன் என்ற வல்லூறு வேகமாகக் குறைந்துகொண்டே வந்தது. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது: ஓடு முன்பைவிட மெலிந்துவிட்டதோ? ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த நாட்டில் ஒரு காலத்தில் பறவை முட்டை சேர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டைப் பஞ்சில் வைத்து, தேதியையும் இடத்தையும் எழுதிவிடுவார்கள். மியூசியங்களிலும் வீடுகளிலும் அப்படிப் பழைய முட்டைகள் நிறைய இருந்தன. ஓட்டின் கனத்தை அளக்க உடைக்க வேண்டும், உடைக்க யார் விடுவார்கள்? அதனால் அவர் எடையைப் பார்த்தார், நீளத்தையும் அகலத்தையும் அளந்தார், எடையை அந்த இரண்டின் பெருக்கலால் வகுத்தார். அவ்வளவுதான் கணக்கு. 1900 முதல் 1940களின் நடுப்பகுதி வரை அந்த எண் கிட்டத்தட்ட ஒரே நிலையில் நின்றது. 1947 வாக்கில் சரிந்தது, அவர் அளந்த காலம் வரை பிறகு ஏறவேயில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வயல்களுக்கு வந்த நேரம் அது. பூச்சியைத் தின்ற சிறு பறவை, அதைத் தின்ற வல்லூறு என்று நஞ்சு ஏறிக்கொண்டே போய், ஓட்டில் கால்சியம் சேர விடாமல் செய்திருக்கிறது. தாய்ப் பறவை அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. ராட்கிளிஃப் 1967இல் இதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஹிக்கி, ஆண்டர்சன் என்ற இருவர் அங்குள்ள பழைய முட்டைகளை அளந்து, அதே 1947இலிருந்து ஓடு 19 சதவீதமும் அதற்கு மேலும் மெலிந்திருப்பதைக் காட்டினார்கள். 1972இல் அமெரிக்கா டிடிடிக்குத் தடை போட்டது. வல்லூறு திரும்பி வந்தது.

போருக்கு முன் அந்த முட்டைகளை எடுத்தவர்கள் யாருக்கும் டிடிடி என்றால் என்னவென்று தெரியாது. ஒன்றிரண்டு முட்டை மட்டும் இருந்திருந்தால் இந்த மாற்றம் தெரிந்தே இருக்காது, அதற்குத்தான் ஒரே பறவை நாற்பது. வீடியோ நல்லதுதான் ஐயா, ஆனால் அதிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தராசில் வைக்க முடியாது. பேரனை மறுபடி அழைத்துப் போங்கள். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

கேள்வி: நூறு வருடத்துக்கு முந்தைய காய்ந்த உடம்பிலும் இலையிலும் என்னதான் மிஞ்சியிருக்கும்? மக்கிப் போயிருக்காதா?
– வாசகி, ஆம்பூர்

நிறைய மிஞ்சியிருக்கும் அம்மா. ஆம்பூரிலிருந்து அதிக தூரம் இல்லாத கோலார் தங்கவயலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஜெர்டன் கோர்சர் என்று ஒரு பறவை. ஆந்திராவில் கலிவி கோடி என்பார்கள். புதர்க்காட்டில் இரவில் ஓடித் திரியும். 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்தது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். 1986இல் கடப்பா பக்கம் மறுபடி கிடைத்தது. ஆனால் அதன் முட்டை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பின்னாளில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக மியூசியத்தில், பழைய முட்டைச் சேகரிப்பு ஒன்றில், ஜெர்டன் கோர்சர் என்று குறித்த ஒரே ஒரு முட்டை தென்பட்டது. 1917இல் கோலார் பக்கம் எடுத்தது. நம்புவதா வேண்டாமா? ஓட்டின் உட்புறம் ஒட்டியிருந்ததிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். வேறொரு மியூசியத்தில் இருந்த பழைய ஜெர்டன் கோர்சரின் கால்விரல் அடித்தோலிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது. அதே முட்டைதான் என்று 2013இல் அறிவித்தார்கள். நம் ஜனங்கள் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்த அதே வருடங்களில் அந்த மேட்டு நிலத்தில் கலிவி கோடி முட்டையிட்டிருக்கிறது என்பதற்கு இருக்கும் சாட்சி அது.

இலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இலையின் அடிப்பக்கம் காற்று போக வர நுண்ணிய துளைகள் உண்டு. 1987இல் உட்வர்ட் என்ற ஆய்வாளர், கேம்பிரிட்ஜின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரச் சேகரிப்பில், இருந்த மர இலைகளில் அந்தத் துளைகளை எண்ணினார். 200 ஆண்டுகளில் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன. காற்றில் கரியமில வாயு ஏற ஏற, மரத்துக்கு அத்தனை துளைகள் தேவைப்படவில்லை. காற்று மாறியதை இலை தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தின் அலமாரிகளிலும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலும் இருக்கும் இலைகளிடம் நாம் இன்னும் கேட்காத கேள்விகள் எத்தனையோ.

கேள்வி: நான் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக 60 வண்டுகள் சேகரித்தேன். லேபிளில் ‘வயல்’ என்று மட்டும் எழுதியதற்கு மேடம் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டார். வண்டு சரியாக இருந்தால் போதாதா? லேபிளுக்காக இவ்வளவு கோபமா?
– மாணவி, திண்டுக்கல்

உன் மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல் மகளே. நானாக இருந்தாலும் திருப்பித் தந்திருப்பேன். ஓர் ஆந்தையின் கதையைக் கேள்.

ஃபாரஸ்ட் அவ்லெட் என்ற சிறு ஆந்தையை 1872இல் இன்றைய சத்தீஸ்கர் பக்கம் ப்ளூவிட் என்பவர் பிடித்தார். ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அதற்குப் பெயர் வைத்தார். ஆமாம், காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். 1885இல் அவர் லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்த இந்தியப் பறவைத் தோல்கள் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல். சரி, ஆந்தைக்கு வருவோம். உலகம் முழுக்க அதன் உடம்புகள் ஏழுதான் இருந்தன. ஆறு 1884க்குள் எடுத்தவை. ஏழாவது 1914 என்றது, குஜராத்தின் மாண்ட்வி என்றது. எடுத்தவர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பறவையியலில் பெரும் புள்ளி. அந்தச் சீட்டை நம்பியவர்களுக்கு, ஆந்தை கடைசியாக இருந்த இடம் குஜராத். ஒன்றும் கிடைக்கவில்லை.

1990களில் பமேலா ராஸ்முசென் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த ஏழாவது ஆந்தையை எடுத்து நிதானமாகப் பார்த்தார். பறவையைப் பாடம் செய்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. எப்படிக் கிழிப்பார், எதை அடைப்பார், எப்படித் தைப்பார் என்பது நம் அம்மாக்கள் பூத்தொடுக்கும் முடிச்சு மாதிரி, ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஆந்தையைப் பிரித்து மறுபடி அடைத்திருந்தார்கள். ஆனால் பழைய கையின் தடம் போகவில்லை. 1880களில் மகாராஷ்டிரத்தின் கான்தேஷ் பகுதியில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் தயாரித்த ஆந்தை அது. மைனர்ட்ஸ்ஹாகன் அதை மியூசியத்திலிருந்து திருடி, புதுச் சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறார்.

பொய்ச் சீட்டை ஒதுக்கியதும் வழி தெளிவானது. மற்ற ஆறு சீட்டுகள் சொன்ன ஊர்ப்பக்கம் தேடினார்கள். 1997 நவம்பர் 25, மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, ஒரு மரத்தில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 வருடம் யாரும் காணாத பறவை. பிறகு மேல்காட் உட்பட பல இடங்களில் கண்டார்கள்.

அந்த ஒரு பொய் எத்தனை பேருடைய எத்தனை வருடங்களைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. காடு வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்த வருடங்கள் வேறு.

நீ பொய் எழுதவில்லை, தெரியும். ஆனால் ‘வயல்’ என்றால் எந்த ஊர் வயல்? நெல்லா, மக்காச்சோளமா? எந்த மாதம்? விளக்குக்கு வந்ததா, இலையில் இருந்ததா? மருந்து அடித்த வயலா? ஊசியில் குத்திய வண்டுக்குக் கீழே ஒரு சின்ன அட்டை, அதில் கிராமம், வட்டம், மாவட்டம், ஜிபிஎஸ் எண், தேதி, உன் பெயர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுது, நாளும் மாதமும் குழம்பாது. இரண்டாவது அட்டையில் எந்தச் செடி என்று எழுது. இடத்தை அங்கேயே நின்று எழுதிவிடு, விடுதிக்கு வந்து ஞாபகத்தில் எழுதாதே. அந்த 60 வண்டுகளில் எவற்றுக்கு உன் நோட்டில் குறிப்பு இருக்கிறதோ அவற்றைக் காப்பாற்றிவிடலாம். மற்றதை விட்டுவிடு.

கேள்வி: ஆராய்ச்சி என்ற பெயரில் உயிரைக் கொல்வது பாவம் இல்லையா?
– வாசகர், கும்பகோணம்

எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. தேவைக்கு மேல் ஓர் உயிரைக்கூட எடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. பழைய காலத்தில் கண்டபடி சுட்டார்கள், அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அப்படி இறந்ததைப் பத்திரமாக வைத்து நூறு பேர் பயன்படுத்துவது, தூக்கி எறிவதைவிட அந்த உயிருக்குச் செய்யும் மரியாதை.

கொல்லாமலும் சேர்க்கலாம். சிகாகோவின் ஃபீல்டு மியூசியத்தில் டேவிட் வில்லார்ட் என்பவர் 1978இல் தொடங்கி, ஒரு பெரிய கட்டடத்தின் கண்ணாடியில் மோதிச் செத்து விழும் பறவைகளை விடியற்காலையில் போய்ப் பொறுக்கி எடுத்து வந்து, ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வைத்தார். 2016 வரை சேர்ந்தவற்றில் 52 வகைகளைச் சேர்ந்த 70,716 பறவைகளை ஆராய்ந்தபோது, உடம்பு சிறுத்து இறக்கை நீண்டிருப்பது தெரிந்தது. கால் எலும்பின் நீளமே 2.4 சதவீதம் குறைந்திருந்தது. புவி சூடாவதோடு இது சேர்ந்து போகிறது. ஒரு மனிதர் தினமும் அளவுகோலை எடுத்ததால் வந்த உண்மை.

ஒன்று மட்டும் கவனம்: நம் நாட்டில் வழியில் செத்துக் கிடக்கும் மயிலைக்கூட நாமாக எடுத்து வரக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் 1960களிலிருந்து பாட்டில்களில் பாம்பு, தவளை, மீன் எல்லாம் இருக்கின்றன. சிலவற்றில் நீர் வற்றிவிட்டது. அடுத்த மாதம் வெள்ளையடிக்கப் போகிறார்கள், அதற்குள் அத்தனையையும் குப்பையில் போடச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். ஒரு தவளை பாட்டிலில் மட்டும் ‘சுருளி, 1964’ என்று எழுதியிருக்கிறது. என்ன செய்வது?
– உயிரியல் ஆசிரியை, தேனி மாவட்டம்

டீச்சர், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் வேலை பார்த்த கல்லூரியில் இதுவே நடந்தது. ஒரு குழு பார்வையிட வருகிறது என்று துறைக்கு வெள்ளையடித்தார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் பத்து நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தால் மியூசியம் பளபளவென்று இருக்கிறது. பாட்டில்களை எல்லாம் சோப்பு போட்டுக் கழுவி, ‘அழுக்குக் காகிதம்’ என்று லேபிள்களைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தார்கள். 112 பாட்டில்கள். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது, எது எந்த ஊர், எந்த வருடம் என்று ஒன்றுமே தெரியாது. கழுவியவர்கள் மேல் தப்பில்லை, நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். அவர்களுக்கு நான் சொல்லி வைக்காததுதான் தப்பு. பழைய பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு வருடம் உட்கார்ந்து 37ஐ மட்டும் மீட்டேன்.

அதனால் இன்றே செய்யுங்கள். எதையும் துடைக்காமல், ஒவ்வொரு பாட்டிலையும் லேபிளோடு செல்போனில் படம் எடுங்கள். பள்ளியின் பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரைத் தேடுங்கள். பாட்டிலில் வெறும் எண் இருந்தாலும் அதில் விவரம் இருக்கலாம். மங்கிய லேபிளில் இருப்பதைத் தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், ஆல்கஹாலில் கரைந்து போகும். பழைய லேபிளையும் எறியாதீர்கள்.

நீர் வற்றியதில் நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள். உள்ளே இருந்தது ஃபார்மலினா ஆல்கஹாலா என்று தெரிந்த பிறகே நிரப்ப வேண்டும். ஃபார்மலின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல், சாக்கடையில் கொட்டவே கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். பாடம் செய்த பழைய பறவையோ விலங்கோ இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் தோலுக்கு ஆர்சனிக் என்ற நஞ்சைத் தடவுவார்கள், அது இன்னும் அங்கேயே இருக்கும்.

பிறகு பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்கும், சென்னை சாந்தோமில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்துக்கும் பட்டியலோடு கடிதம் எழுதுங்கள். பாம்பு, ஆமை மாதிரி சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவற்றை யாருக்கும் தரும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

அந்தத் தவளை மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்ற ஒரு பூஞ்சை நோய் உண்டு. அது எப்போது எங்கே வந்தது என்பதை மெக்சிகோ, குவாத்தமாலா, கோஸ்டாரிகா தவளைகளில் எப்படிக் கண்டார்கள் தெரியுமா? மியூசியங்களில் ஃபார்மலினில் ஊறிக் கிடந்த பழைய தவளைகளின் தோலைப் பஞ்சால் துடைத்து எடுத்துப் பார்த்துத்தான். அருவியோரத் தவளை ஒன்று, ஊர் தெரியும், வருடம் தெரியும், அறுபது வருடமாக உங்கள் அலமாரியில் இருக்கிறது. வெள்ளையடிப்பவர்கள் ஏணியோடு வருவதற்குள் அந்த ஒரு பாட்டிலையாவது இறக்கி, உங்கள் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.